முள்ளம்பன்றியின் சாலை மறியல்

ஒரு காட்டில் நடந்தது என்றுதான் எனக்கும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை ஜெசிந்தா அக்காவுக்கு அவருடைய நாத்தனார் சொல்ல, அக்கா எனக்குச் சொன்னார். நாத்தனார் அன்று தன் குழந்தையோடு காரில் அந்த மலைப்பாதையில் போனவர்.

அந்தக் காட்டில் வடிவு என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு ஊசி என்றொரு மகன். ஊசிக்கு நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், வாயை இறுக மூடிக்கொள்ளத் தெரியும். வேடிக்கை காட்டினால்தான் அந்த வாய் திறக்கும். மற்ற நாட்களில் வளைக்கு வெளியே மயில் போகும், மான் போகும். ஆளுக்கொரு வாய் என்று கிழங்கு இறங்கிவிடும். அன்றோ, முந்தின நாள் சாயங்காலம் பிடித்த புயல் விடவில்லை. விடிந்ததிலிருந்து வெளியே தண்ணீரைத் தவிர எதுவும் போகவில்லை. பிள்ளை முந்தின நாள் மதியம் சாப்பிட்டதுதான்.

"போனைக் காட்டேன்" என்றது அப்பா முள்ளம்பன்றி ராசப்பன், படுத்தபடியே.

"டவர் இல்ல."

"அப்ப விடு. பசிச்சா தானா சாப்பிடுவான்."

"இதையேதான் நேத்தும் சொன்னீங்க. அவன் வயித்தைத் தொட்டுப் பாருங்க, முதுகு தட்டுப்படுது."

ராசப்பன் தொட்டுப் பார்க்கவில்லை. முள்ளம்பன்றிக் குடும்பத்தில் அது அவ்வளவு சுலபமும் இல்லை.

வடிவு மசித்த கிழங்கை டப்பாவில் அடைத்துக்கொண்டு பிள்ளைக்கு மழைக்கோட்டு மாட்டியது. மாட்டிய வேகத்தில் அது சல்லடை ஆனது. கழற்றிவிட்டு ராசப்பனுடையதை மாட்டியது. அதுவும் சல்லடை ஆனது. "எப்படியும் நனையத்தான் போறோம், வாடா" என்று கிளம்பிவிட்டது.

காட்டின் எல்லையில் கீரி காவலுக்கு நின்றது.

"ஆரஞ்சு அலர்ட் போட்டிருக்கு, தெரியுமில்ல? யாரும் வெளிய போகக் கூடாது. அப்படி என்ன அவசரம்?"

"பிள்ளைக்குச் சோறு ஊட்டணும்."

"அதை வீட்டுல வச்சு ஊட்டக் கூடாதா?"

"உங்களுக்குப் பிள்ளை இருக்காண்ணே?"

"ரெண்டு."

"வீட்டுலயா சாப்பிடுதுங்க?"

கீரி ஒதுங்கி வழிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ரோட்டுப் பக்கம் போங்க. மரம் விழுந்து மனுஷங்க எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நல்ல வேடிக்கை" என்றது.

உண்மைதான். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள் நின்றன. ஊசியின் கண்கள் விரிந்தன. கூடவே வாயும் திறந்தது.

"அங்க பாரு, லாரி மாமா தலையில கேரி பேக்! ஆ காட்டு... ஐயோ, அந்த மாமா செருப்பு தண்ணில போகுது பாரு! இன்னொரு ஆ..."

எதிரே ஒரு காருக்குள் நம் நாத்தனார் தன் குழந்தைக்குப் பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். "அங்க பாரு தங்கம், முள்ளம்பன்றி! ஆ காட்டு."

டப்பா முக்கால்வாசி காலியானபோது மரத்தை அறுத்து அகற்றிவிட்டார்கள். வண்டிகள் உறுமின. லாரி நகர்ந்தது. ஊசி வாயை மூடிக்கொண்டது.

வடிவு டப்பாவைப் பார்த்தது. பிள்ளையின் வயிற்றைப் பார்த்தது. அதுவரை வரிசையில் கூட முந்தாத அந்த முள்ளம்பன்றி, நேராகப் போய் நடுச்சாலையில் உட்கார்ந்து அத்தனை முள்ளையும் விரித்தது. டயரை நம்பிப் பிழைக்கும் யாரும் அதற்குமேல் நகரவில்லை.

ஒரு போலீஸ்காரர் குடையோடு வந்தார். அவருக்கு மறியல் புதிதல்ல.

"என்னம்மா கோரிக்கை? குடிதண்ணியா, பஸ் வசதியா?"

"ரெண்டு வாய், சார்."

"என்னது?"

"இன்னும் ரெண்டு வாய்தான் மிச்சம். இவன் முழுங்கிட்டா நான் எந்திரிச்சிடுவேன்."

இதை மேலிடத்துக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்தார். அப்போது கார்க் கண்ணாடி இறங்கியது.

"சார், அவங்களை எழுப்பாதீங்க! இங்கயும் ரெண்டு வாய் இருக்கு!" என்றார் நாத்தனார்.

"இங்க நாலு!" என்றது பின்னால் நின்ற வேன்.

போலீஸ்காரர் திரும்பி நின்று மலையை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டு, சற்று நேரத்தில் மறியல் கைவிடப்பட்டது. ஊசி நிறைந்த வயிற்றோடு, சொட்டச் சொட்ட வீடு திரும்பும் வழியிலேயே தூங்கிவிட்டது.

எல்லாம் சரி, கார்க் குழந்தையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதா என்று எனக்குச் சந்தேகம். பிறகு நாத்தனாரிடமே போனில் கேட்டேன். சாப்பிட்டது உண்மைதான். வழி திறந்ததும், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அத்தனையும் வெளியே வந்ததும் உண்மைதான்.

நீதி: சாலையை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். சோற்றை உள்ளே நிறுத்துவது வயிற்றின் கையில்தான் இருக்கிறது.