சோலார் வேலையும் என் திருவாயும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கு நீங்களும், பெயின்ட் கடையும், அக்காவின் முழங்காலும் சுகமென்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடையில் பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்க வேண்டும். டப்பா தூக்குகிற வேலையானாலும் சரி. "இனிமே எல்லாமே சூரியன்தான் மாமா" என்று உங்களிடமே ஜம்பமாகச் சொல்லிவிட்டு சோலார் கம்பெனியில் சேர்ந்தானே, அவனுக்குத்தான்.

மூன்று மாதத்தில் ஐந்து பேரிடம் மொட்டைமாடியில் தகடு மாட்டக் கையெழுத்து வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்பது நிபந்தனை. நம் பையன் படிப்பில் புலி, ஆனால் வாயில்லாப் பூச்சி. மணியடிப்பான், கதவு திறந்ததும் "மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன்" என்று திரும்பிவிடுவான். இரண்டரை மாதம் இப்படியே போய், முகம் சுண்டி, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். பெற்ற மனம் கேட்குமா? துணைக்கு நான் புறப்பட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மின்சார ஆபீஸ் புகார் ஜன்னலில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன் நான். எனக்குக் குறை மட்டும்தானே தெரியும்? முதலில் ஒரு தையல்காரம்மா வீடு. பையன் படத்தை விரித்து "சூரியன் வந்து..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். நான் சும்மா இருப்பேனா? "அம்மா, ராத்திரி இதுல ஒண்ணும் வராது. மேகம் மூடினா பாதிகூடத் தேறாது. காக்கா எச்சம் போட்டா நீங்கதான் ஏறித் துடைக்கணும். கரண்ட் போனா இதுவும் நின்னுடும், பேட்டரி தனியா வாங்கணும்" என்று கொட்டிவிட்டேன். பையன் என் காலை மிதிக்கிறான். அந்தம்மாவோ, "இதுவரைக்கும் வந்த நாலு பேரும் சொர்க்கத்தையே மாடியில இறக்கிடுவேன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதச் சொல்றீங்க. எங்க கையெழுத்து போடணும்?" என்றார். இப்படியே நான் குறை சொல்லச் சொல்ல நாலு கையெழுத்து விழுந்தது, போங்கள்.

கடைசி நாள், ஐந்தாவது இடம், ரொட்டிக்கடை. "அப்பா, மேனேஜரம்மாவே கூட வராங்க. தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க" என்று பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சரி என்றுதான் போனேன். கடைக்காரர் பேனாவைத் திறந்துவிட்டார். நிமிர்ந்து பார்க்கிறேன், பக்கத்தில் அஞ்சு மாடிக் கட்டடம், இவர் மாடி முழுக்க அதன் நிழல். "ஐயா, வேண்டாம்! இங்க துணி காயப்போட்டாலே காயாது" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார். மேனேஜரம்மா விருட்டென்று காரில் ஏறினார். நாலு நாளாகப் பையன் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். பெற்ற பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்ட பாவி ஆகிவிட்டேன்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தன் வாயால் கெட்ட தவளை,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: நேற்று இதை ஒட்டப்போன நேரம் மேனேஜரம்மா வந்துவிட்டார். "வேணாம்னு சொல்ற கம்பெனிய இப்பத்தான் பாக்குறேன்" என்று ரொட்டிக்கடைக்காரர் தன் அண்ணனையும் சம்பந்தியையும் கையெழுத்துப் போட அனுப்பினாராம். கெடு தாண்டினாலும் பரவாயில்லை என்று பையனுக்கு வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். எனக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள், அவனுக்குக் கீழே. இன்று முதல் நாள், பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன். நாலு நாளைக்கப்புறம் என் பிள்ளை வாயைத் திறந்து, எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டது: "என்ன சார், மணி என்ன?" ஆகவே மச்சான், மேலே வேலை கேட்டிருக்கும் இடத்தில் "பையனுக்கு" என்பதை "எனக்கு" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். டப்பா தூக்குகிற வேலையானாலும் சரி.