கழிவு போக மீதி

சின்னநாயகமலைத் தேயிலைத் தோட்டத்தில் எதைக் குறைப்பதென்றாலும் அதற்கு ஒரு முறை உண்டு. வேலைநாளைக் குறைப்பதென்றால் காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடி நிற்கும்போது அறிவிப்பார்கள். தண்ணீரைக் குறைப்பதென்றால் அறிவிக்காமலேயே குறைப்பார்கள். கொழுந்தைக் குறைப்பதற்கென்றே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு தராசும், தராசுக்குப் பக்கத்தில் ஒரு கணக்கப்பிள்ளையும் இருக்கிறார்கள். சாக்குக்கும் ஈரத்துக்குமாக நிறுவைக்கு இரண்டு கிலோ கழிப்பது அவர் வழக்கம். வெயில் பாறையைப் பிளக்கிற நாளிலும் கொழுந்தில் ஈரம் இருக்கும். அது தோட்டத்து ஈரம். வானத்தைப் பார்த்து வருவதில்லை.

இப்படித் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துக் குறைத்துக் கைதேர்ந்த தோட்டத்தில், ஒரு தொழிலாளி தானாகவே வந்து, "என்கிட்ட இருக்கிறதுல கொஞ்சம் குறைச்சிக்கிறேன், லீவு தாங்க" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. தோட்டம் ஆடிப்போய்விட்டது.

கேட்டவள் நிஷாந்தினி. இரண்டு பிள்ளைக்குத் தாய். கொழுந்து எடுப்பதில் கை காற்று மாதிரி. ஆனால் ஆண்டவன் மார்பை அளந்து கொடுத்தபோது அவளுக்கு மட்டும் கழிவு போட மறந்துவிட்டான். முதுகில் கொழுந்துக் கூடை, முன்னால் இது. கூடையையாவது மடுவத்தில் இறக்கி வைக்கலாம்; முன்னால் இருப்பதை இறக்கி வைக்க இலங்கையில் எங்கேயும் மடுவம் கிடையாது. தலையில் மாட்டின கூடைக் கயிறு பின்னால் இழுக்கும், மார்பு முன்னால் இழுக்கும். நடுவில் அவள் கழுத்து, இரண்டு சங்கத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்ட தொழிலாளி போலத் தவிக்கும். உள்பாடிப் பட்டி இரண்டு தோளிலும் கான் வெட்டினது போலப் பள்ளம் பதித்திருந்தது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண். குப்புறப் படுத்துத் தூங்குவது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரே ஒரு நாள் அப்படித் தூங்கி எழும்பினால் போதும் என்பதுதான் அவள் ஆசை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் தைலம் கொடுத்தார்கள். தைலம் தீர்ந்ததும் இன்னொரு தைலம் கொடுத்தார்கள். கடைசியில் பதுளையில் ஒரு கிளினிக் டொக்டர்தான் உண்மையைச் சொன்னார்.

"இது பூசிப் போற நோவு இல்லம்மா. பாரம். ஒப்பரேஷன் செஞ்சு குறைக்கலாம். நல்ல பிளாஸ்டிக் சேர்ஜன் ஒருத்தரப் பாருங்க."

இதைக் கேட்டதும் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் பாக்கியலெட்சுமி, "பிளாஸ்டிக்கா? நல்லதுதான்டி. இனி மழைக்குப் படங்கு கட்டத் தேவையில்ல" என்றாள். மலை முழுக்கச் சிரிப்பு உருண்டது.

புருஷன் ஜீவன், லுணுகலை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவன், தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒரு குறையும் தெரியலையே நிஷா."

"குறை இல்லைங்க, கூட. சுமக்கிறது நானு. ஒரு நாளைக்கு நீங்க மாட்டிக்கிட்டு மலை ஏறிட்டு வாங்க, பொறவு பேசுவோம்."

ஓவர்லோட் என்றால் வண்டிக்கு என்ன ஆகும் என்று ஜீவனுக்குத் தெரியும்.

தோட்டத்தில் பிறந்தாலும் செத்தாலும் சங்கத் தலைவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். தலைவர் இராமையா மைக் பிடித்தே நரைத்தவர். "முதலாளித்துவச் சுரண்டல்" என்பதை ஒரே மூச்சில் மூன்று தடவை சொல்வார். ஆனால் இந்தச் சொல்லுக்கு அவர் நாக்கு எழும்பவில்லை.

"அதாவது தங்கச்சி... அந்த... முன்பக்கத்துப் பிரச்சின..."

"மார்புங்க தலைவரே."

தலைவர் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். முருகனும் வேறு பக்கம் பார்த்த மாதிரி அவருக்குத் தோன்றியது.

துரை தொழிலாளிகளின் குறை கேட்கும் லேபர் டே வந்தது. துரை, நலன்புரி அதிகாரி, பெரிய கிளாக்கர் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். மேசைக்கு இந்தப் பக்கம் தலைவரும் நிஷாந்தினியும்.

"இது நோய் வருத்தமா, பேஷனா?" என்று துரை கேட்டார். "வருத்தம்னா தோட்டத்துல வந்ததா, வீட்டுல வந்ததா?"

"வளர்ந்தது ரெண்டு இடத்துலயும்தாங்க தொரை."

நலன்புரி அதிகாரி விதிகளைப் புரட்டினார். "பிரசவத்துக்கு லீவு இருக்கு, சேர். குளவி கொட்டினா இருக்கு. பாம்பு கடிச்சா இருக்கு. குறைக்கிறதுக்கு இல்ல."

"பாம்ப வரச் சொல்லட்டுங்களா?" என்றாள் நிஷாந்தினி. அது ஆலோசனையாக ஏற்கப்படவில்லை.

அப்போது பெரிய கிளாக்கர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் ஒரு வழி பிறந்துவிட்டது என்று அர்த்தம். "சேர், வெட்டிக் குறைச்சதுக்கு ஓய்வு கொடுக்கிற முறை நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கவ்வாத்து."

தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிக் கவ்வாத்துப் பண்ணினால், அது துளிர்க்கும்வரை யாரும் அதன் மேல் கைவைக்கக் கூடாது. அது தோட்டத்து வேதம். மனுஷருக்கு இல்லாத சலுகை செடிக்கு இருந்தது. அதனால் நிஷாந்தினி செடியாக்கப்பட்டாள். 'மேற்படி தொழிலாளியின் மேற்படி பகுதி மேற்படி முறையில் கவ்வாத்துச் செய்யப்படவிருப்பதால், மேற்படியாருக்கு மேற்படி ஓய்வு வழங்கப்படும்' என்று தீர்மானம் ஆயிற்று. தலைவர் கைதட்டினார்.

"ஆனா," என்றார் கிளாக்கர், "கவ்வாத்துக்குப் பொறவு செடி கூடக் கொழுந்து தரணும், சேர். அது விதி. ஒடம்பு பாரமும் குறையுது. எத்தன கிலோ குறையுதோ அத்தன கிலோ நாளாந்தம் கூட எடுக்கணும். எடுக்காட்டி அரைப் பேர்தான்." அதாவது அரைச் சம்பளம். "வெட்டினது எவ்வளவுன்னு ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வரட்டும்."

தலைவர் ஆட்சேபம் தெரிவிக்க எழுந்தார். எழுந்தவருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வரும் என்று நினைவு வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

லீவு விஷயம் முடிந்தது, டொக்டர் பாக்கி. தலைவர் பண்டாரவளையில் ஒரு டொக்டரைச் சொன்னார். போன வருஷம் சங்கக் கூட்டத்துக்கு வந்து சால்வை போர்த்திக்கொண்டவராம். அதைக் கேட்டதும் அடுத்த சங்கத்துத் தலைவர் கண்டியில் ஒரு டொக்டரை நிறுத்தினார். அவருடைய தகுதி, பண்டாரவளை டொக்டருக்கு அவரைப் பிடிக்காது என்பது. பெரட்டுக் களத்தில் கைதூக்கி வாக்கெடுப்பு நடந்தது. கவ்வாத்து ஆம்பளைகளும் கைதூக்கினார்கள். யாருடைய மார்பு என்று தெரியாத இரண்டு பேரும் தூக்கினார்கள். பண்டாரவளை வென்றது. பட்டாசு வெடித்தார்கள்.

சரி, போய்த்தான் பார்ப்போம் என்று நிஷாந்தினி போனாள். எழிலகம் அழகு மருத்துவ நிலையம். கதவைத் திறந்தாலே ரோசாப்பூ வாசம். ஆஸ்பத்திரி வாசம் மருந்துக்கும் இல்லை. டொக்டர் கையில் ஒரு டெப். விரலால் தள்ளித் தள்ளிப் படம் காட்டினார்.

"இது போன வருஷ மொடல். இப்ப கொழும்புல ஓடுறது இதுதான். ரிசல்ட்ட போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடுவோம், மூஞ்சி தெரியாது."

"டொக்டர், கழுத்து நோவு போகுங்களா?"

"கழுத்துக்கு மெல்லிசா ஒரு செயின் போடுங்க, எடுப்பா இருக்கும்."

"தழும்பு வருங்களா?"

"தழும்பா? அந்தப் பேச்சே எங்க இடத்துல இல்ல."

நிஷாந்தினி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். நேரே பதுளை பஸ்ஸில் ஏறினாள். அங்கே ஆஸ்பத்திரியில் டொக்டர் றுஸைனா என்று ஒருவர் இருப்பதாக, பழைய கிளினிக் டொக்டர் சொல்லியிருந்தார்.

டொக்டர் றுஸைனா முதலில் கேட்டது, "என்ன வேல செய்யிறீங்க?" அடுத்து, "கூடைக் கயிறு எங்க விழும், எழும்பிக் காட்டுங்க." நிஷாந்தினி தன் சால்வையை மடித்து நெற்றிக்கு மேல் போட்டு, இல்லாத கூடையில் இல்லாத கொழுந்தை வீசிக் காட்டினாள். டொக்டர் தோளில் இருந்த கானை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நோவு நல்லாக் குறையும். ஆனா தழும்பு கட்டாயம் இருக்கும். சில இடத்துல உணர்ச்சி குறையலாம். இனிப் பிள்ள பெத்தா பால் குடுக்க ஏலாமப் போகலாம். ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி வராது. காத்திருக்கவும் வேணும். நல்லா யோசிச்சிட்டு வாங்க. வராட்டியும் எனக்குக் கோவமில்ல."

ஆடு வாங்கப் போனால், 'இது ஒரு கால் கொஞ்சம் நொண்டும்' என்று தானே சொல்லுகிறவனிடம்தான் வாங்க வேண்டும் என்பது லயத்து வீடுகளின் சட்டம். நிஷாந்தினி வீட்டுக்குப் போய் ஜீவனுடன் யோசித்தாள். அடுத்த கிளினிக்குக்கே வந்து, "வெட்டுங்க டொக்டரம்மா" என்றாள்.

வாக்கெடுப்பை அவமதித்துவிட்டாள் என்று இரண்டு சங்கமும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து கண்டித்தன. அந்த ஒற்றுமைக்கு அவளே காரணம் என்று யாரும் நன்றி சொல்லவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், நிஷாந்தினி மூடியிருந்த கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எவ்வளவுங்க டொக்டரம்மா?"

"ரெண்டு பக்கமுமாச் சேர்த்து ரெண்டு கிலோ."

"கழிவு போகவா?"

"என்ன கழிவு?"

"ஈரத்துக்கு... சாக்குக்கு..."

"நாங்க எதையும் கழிக்கிறதில்லையே. இருக்கிறத இருக்கிற மாதிரித்தான் நிறுக்கிறது."

நிஷாந்தினி சிரித்தாள். தையல் சுள்ளென்றது. அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

செடிக்குரிய ஓய்வு முடிந்து அவள் மலை ஏறியபோது கழுத்து தானாக நிமிர்ந்து நின்றது. சாயங்காலம் மடுவத்தில் சாக்கைத் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை பழக்கத்தில் இரண்டு கிலோ கழித்தார். பிறகு கிளாக்கரின் உத்தரவையும் அவள் கேட்டு வந்து சொன்ன ஆஸ்பத்திரிக் கணக்கையும் நினைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு கிலோ கூட வரணும் புள்ள. ஒடம்புல குறைஞ்சதுக்கு" என்றார்.

"ரெண்டு கிலோன்னு எப்படிங்கய்யா சொல்றீங்க? ஆஸ்பத்திரியில கழிவே போடல."

கணக்கப்பிள்ளை திடுக்கிட்டார். முப்பது வருஷத் தொழில் மானம் எழும்பியது. "கழிவு போடாமலா? அதுல ஈரம் இருந்திருக்குமே!"

"நல்லா இருந்திருக்குங்க."

"அப்ப ரெண்டு கிலோ கழிக்கணும்! இது தெரியாம என்ன ஆஸ்பத்திரி நடத்துறாங்க?"

"கழிச்சா எவ்வளவுங்கய்யா மீதி?"

கணக்கப்பிள்ளை விரலை மடக்கினார். மறுபடி விரித்தார். "கழிவு போக... ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே குறையாததுக்குக் கூடக் கொழுந்து எதுக்குங்கய்யா?"

மடுவம் சிரிப்பில் அதிர்ந்தது. விஷயம் துரையிடம் போனது. கழிவு பிழை என்று சொன்னால் மடுவமே பிழை என்றாகிவிடும். கழிவு சரி என்றால் நிஷாந்தினியிடம் ஒன்றும் குறையவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, தோட்டத்து அளவைப்படி மேற்படி ஒப்பரேஷன் நடக்கவே இல்லை என்று தீர்மானிக்கப்பட்டது. கூடுதல் கொழுந்து ரத்தாயிற்று. நடக்காத ஒப்பரேஷனுக்குப் பிறகு நிஷாந்தினி ஒவ்வொரு நாளும் குப்புறப் படுத்துத் தூங்கினாள்.

ஆனால் பெண்கள் மனதில் வேறொன்று தங்கிவிட்டது. பதுளையில் கழிக்காமல் நிறுக்கிற ஒரு தராசு இருக்கிறதாம்! ஞாயிறு முழுக்க லயத்தில் அதே பேச்சு. அடுத்த கிளினிக் நாளில் லுணுகலை பஸ் நிறையப் பெண்கள். யாருக்கும் பெரிதாக ஒரு நோயும் இல்லை. பாக்கியலெட்சுமிதான் முன்னுக்கு நின்றாள்.

"என்ன செய்யுது?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல நோனா. வாழ்நாள்ல ஒரு தடவ, எங்களச் சரியா நிறுத்துச் சொல்லுங்க. அது போதும்."

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வரிசையைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமே. பாக்கியலெட்சுமியைத் தராசில் ஏறச் சொன்னாள். முள் ஆடி நின்றது. பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"சேலையோடதானே ஏறியிருக்கீங்க," என்றாள் நர்ஸ். "உடுப்புக்கு ஒரு கிலோ கழிச்சிருவம்."

பஸ் நிறைய வந்த பெண்கள் எல்லாரும் மெதுவாகத் திரும்பி, கடைசியில் நின்ற நிஷாந்தினியைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றாள் நிஷாந்தினி. "என்னோடத நிறுத்தப்ப நான் மயக்கத்துலல்ல இருந்தேன்!"