அரக்கு மாமாவும் விளக்குமாறு டெண்டரும்

சங்கீதக் கச்சேரிக்குப் பைத்தியமானவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டாட்டத்துக்கு, குதிரைப் பந்தயத்துக்கு, அடுத்த வீட்டுச் சண்டைக்குப் பைத்தியமானவர்களையும் பார்த்திருக்கிறேன். சர்க்கார் டெண்டர் திறப்பதைப் பார்ப்பதற்கென்றே இந்தப் பூலோகத்தில் பிறவி எடுத்தவர் மயிலாப்பூர் அரக்கு மாமா ஒருவர்தான்.

அப்போது யுத்த காலம். மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு சர்க்கார் ஸ்டோர் ஆபீஸில் நான் குமாஸ்தா. ஆஸ்பத்திரி, ஜெயில், போலீஸ் லாயம் எல்லாவற்றுக்கும் சாமான் வாங்குவது எங்கள் வேலை. நாங்கள் நோட்டீஸ் போடுவோம். வியாபாரிகள் விலையை எழுதி உறையில் வைத்து, அரக்கு முத்திரை குத்திப் பெட்டியில் போடுவார்கள். குறித்த நாளில் மூன்று மணிக்கு எல்லார் எதிரிலும் உறையை உடைத்து விலையைப் படிப்போம். யார் விலை குறைச்சலோ அவருக்குக் கான்ட்ராக்ட். இதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நாள் மாமாவையே கேட்டுவிட்டேன்.

"போடா அசடே! கச்சேரியில அடுத்தது என்ன கீர்த்தனைன்னு பாதிப் பேருக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். இங்கே நீ அரக்கை உடைக்கிற வரைக்கும் கபாலிக்கே தெரியாதேடா!"

ஒரே ஒரு சங்கடம். டெண்டர் போட்டவர்கள்தான் அந்த அறைக்குள் உட்காரலாம் என்பது விதி. அதற்காக மாமா எல்லாவற்றுக்கும் டெண்டர் போட்டார். ஜெயிலுக்குக் கேழ்வரகு, ஆஸ்பத்திரிக்குப் பாய், கழுதை வண்டிக்குச் சேணம், எதையும் விட்டுவைக்கவில்லை. கடையும் கிடையாது, சரக்கும் கிடையாது. தப்பித் தவறிக்கூடக் கான்ட்ராக்ட் தன் தலையில் விழுந்துவிடக் கூடாது என்று விலையை மட்டும் வானத்தில் வைத்துவிடுவார். போலீஸ் குதிரைகளுக்கான கொள்ளுக்கு ஒரு முறை பாதாம்பருப்பு விலை போட்டிருந்தார். எங்கள் ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏன் சார், இது குதிரைக்கா, மேல உக்கார்ற இன்ஸ்பெக்டருக்கா?" என்று கேட்டார். மாமா அதையும் ரசித்தார்.

டெண்டருக்கு டெபாசிட் கட்ட வேண்டும். தோற்றால் திரும்பி வந்துவிடும். மாமா தவறாமல் தோற்றார், தவறாமல் வாங்கிக்கொண்டு போனார். மாமிக்குத்தான் தாளவில்லை. "எல்லார் ஆத்துலயும் வளையல் கையில இருக்கும். என் வளையல் மட்டும் சேட் கடைக்கும் ஆத்துக்கும் நடந்துண்டே இருக்கு" என்பாள்.

முன் வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. மடியில் எப்போதும் ஒரு அரக்குக் குச்சி இருக்கும், விரலில் முத்திரை மோதிரம். நான் உறையை உடைத்தால் தலையை ஆட்டுவார். நல்ல விலையாக இருந்தால் தொடையில் தட்டுவார். குற்றம் கண்டால் போச்சு, எழுந்து நிற்பார். "இந்தத் திருத்தத்துக்குப் பக்கத்துல கையெழுத்து இல்லே. தள்ளணும்." ஒரு நாள் மூன்று மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஓடி வந்து உறையைப் பெட்டியில் போட்டார். மூன்றாவது அடி விழுவதற்கு முன்னா, பின்னா என்று மாமா கிளப்பிய வாதத்தில் ஆபீஸே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வியாபாரிகள் எமனுக்குக்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் மகா தாராளம். எதிரே இருந்த காபி கிளப் வாசலில் இலவச வகுப்பு நடக்கும். "டெண்டர் நோட்டீஸைக் கீழேருந்து மேலே படிக்கணும். மேலே சர்க்கார் தன் பெருமையைச் சொல்லிக்கும். கீழேதான் உன் கழுத்தைப் பிடிக்கும்."

அந்த வகுப்புக்கு வந்தவள்தான் கன்னியம்மா. அடையாற்றங்கரைக் குடிசையில் விளக்குமாறு கட்டுகிறவள். ஆஸ்பத்திரி விளக்குமாறு கான்ட்ராக்டை வருஷா வருஷம் அடித்துக்கொண்டு போனவர் ஜவ்வாது கான்ட்ராக்டர். மனுஷர் வருவதற்கு முன்பே ஜவ்வாது வாசனை வந்துவிடும். கன்னியம்மாவிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சர்க்காருக்கு யானை விலைக்கு விற்பார். நானே டெண்டர் போடுகிறேன் என்று அவள் சொன்னதும் அவளிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

"குடிசை பூரா தொடப்பமா கீது ஐயரே. படுக்க எடமில்ல. இது கெடைக்கலைன்னா அத்தினியும் அடுப்புலதான் வெக்கணும். புள்ளைங்களுக்கு ஒலை வெக்க அரிசிதான் இருக்காது."

மாமா வாரம் முழுக்க அவளுக்குப் பாடம் எடுத்தார். கைநாட்டுக்கு இரண்டு சாட்சி வேண்டும், மாதிரி விளக்குமாற்றில் பேர் எழுதிய சீட்டுக் கட்ட வேண்டும், உறையில் ஐந்து இடத்தில் அரக்கு வைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். தன் அரக்குக் குச்சியிலேயே பாதியை ஒடித்துக் கொடுத்தார்.

அன்று வந்தது மூன்றே உறை. முதலில் ஜவ்வாதுவின் உறை. நான் கையில் எடுத்ததும் மாமா எழுந்தார். "உடைக்காதே! முத்திரையில ராஜா தலை இருக்கு பார். வெள்ளி ரூபாயை வெச்சு அழுத்தியிருக்கார். நாணயம் எல்லார் மடியிலயும் கிடக்கும். எவன் வேணா பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி ஒட்டிடலாம். தள்ளணும்." விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். மாமா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. ஜவ்வாதுவின் முகம் சுண்டிப் போயிற்று. மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

அடுத்தது கன்னியம்மாவின் உறை. ஐந்து இடத்திலும் அரக்கு அழகாக இருந்தது. ஐந்திலும் காலணாவை வைத்து அழுத்தியிருந்தாள்.

பாவம், முத்திரை மோதிரத்துக்கு அவள் எங்கே போவாள்? உலகத்துப் பாடமெல்லாம் எடுத்த மாமா இந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். வெற்றிலை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. மாமா ஒரு டெண்டரில் வாயைத் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா சாமி, இதுலயும் ராஜா தலைதானே கீது?" என்றார் ஜவ்வாது.

"அரக்கு மாமா, என்ன சொல்றீங்க?" என்றார் ஆபீஸர்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "தள்ளணும்" என்றார்.

கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். "அடப்பாவி ஐயரே! நீதானே சொல்லிக் குட்த்தே? நீயே என் வாய்ல மண்ணப் போட்டியே! என் புள்ளைங்க உன்னிய இன்னா பண்ணிச்சு?" மாமா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார்.

மிச்சம் ஒரே உறை. மோதிர முத்திரை குத்தியது, அப்பழுக்கில்லாதது, சாட்சாத் மாமாவுடையது. விளக்குமாறு ஒன்றுக்கு அவர் போட்டிருந்த விலைக்கு ஒரு வீணை வாங்கலாம்.

ஆபீஸர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "செல்லுபடியானது உங்களது ஒண்ணுதான். ஒண்ணு, நியாயமான விலைக்கு இறங்கி நீங்களே எடுத்துக்கணும். இல்லேன்னா மறுபடி நோட்டீஸ் போடணும், மாசக்கணக்கில ஆகும்." ஜவ்வாது மறுபடி புன்னகை செய்ய ஆரம்பித்தார்.

மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "சார், நான் கச்சேரி கேக்க வந்தவன். என்னை மேடையில ஏத்திப் பாடச் சொல்றேளே!"

பிறகு கன்னியம்மாவின் பக்கம் திரும்பினார். "உன் கவர்ல என்ன விலை போட்டிருக்கே?" அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "அதே விலைக்கு நான் எடுத்துக்கறேன். சரக்கு அவளோடது" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் மயிலாப்பூர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பஞ்சகச்சமும் அங்கவஸ்திரமுமாக விளக்குமாற்று வண்டியின் மேல் மாமா மாட வீதியில் வருவார். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் சகுனத்தடை என்று வீட்டுக்குள் திரும்பிப் போவார்கள். மாமி வாசல் கதவையே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சரக்கை இறக்குவதற்கு முன்னால் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இந்தக் கட்டு மெலிசா இருக்கு, தள்ளு" என்று தன் சரக்கைத் தானே நிராகரிப்பார்.

"இன்னா ஐயரே, உன் சரக்க நீயே தள்றே? உனுக்கு மண்டையில எதுனா கீதா?" என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் அவள் குடிசையில் காலை நீட்டிப் படுக்க இடம் வந்தது. உலையும் கொதித்தது.

மறு வருஷம் விளக்குமாறு டெண்டர் வந்தபோது மாமா உறையே போடவில்லை. அறைக்குள் நுழைய அவருக்கு உரிமை இல்லை. வராந்தாவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் மாமா, வழக்கம்போல ஒரு விலை போட்டுட்டு உள்ள வந்து உக்காரக் கூடாதா?" என்றேன்.

"வேண்டாம்டா. கன்னியம்மா இன்னிக்கும் போட்டிருக்கா. எல்லாம் சரியாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஆனா ஏதாவது ஒரு பிசகு என் கண்ணுல பட்டுதுன்னா, என் வாய் சும்மா இருக்காது."

மூன்று மணி அடித்தது. கன்னியம்மாவின் உறையை உடைத்தேன். எந்த ஆட்சேபணையும் எழவில்லை. அவள் விலைதான் குறைச்சல். அந்த வருஷம் உறை போட்டவர்கள் அதிகம்; இடம் போதாமல் கூட்டம் சுவரோரமெல்லாம் நின்றுகொண்டிருந்தது. ஜவ்வாது கான்ட்ராக்டர் முன் வரிசை முதல் நாற்காலியில் உட்காரப் போனார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "எழுந்திருங்க சார், அதுல ஆள் இருக்கு" என்றேன்.