ரைமிங் வண்டியில் காற்று இறங்காத கதை

பழங்காநத்தத்தில் செத்துப்போன ஒருவர்கூட ரைமிங்குக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். உயிரோடு இருந்தவரை தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்காத ஆட்களை, செத்த மறுநாளே சுவரில் ஏற்றி, பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரையும் நின்று படிக்க வைத்தவன் அவன்.

மதுரையில் போஸ்டர் ஒட்டாமல் காதும் குத்த முடியாது, கண்ணையும் மூட முடியாது. செல்போனில் பொத்தான் இருந்த அந்தக் காலத்தில், நாங்கள் இரண்டு பேரும் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தோம். கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பது நான். போஸ்டருக்கு வாசகம் எழுதுவது அவன். பேப்பர் கட்டின் மேல் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் எதுகை மோனையாகக் கொட்டுவான். நான் கெஞ்சி நிறுத்தித்தான் அடிக்க வேண்டும். ரேஷன் கார்டில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை ரேஷன் கடைக்காரர்கூடக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் ரைமிங்.

கல்யாணப் போஸ்டர் என்றால் வாய்க்கு வந்ததை அள்ளி விடுவான். மாப்பிள்ளை சிங்கம், மாமனார் தங்கம். ஆனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அப்படி எழுத மாட்டான். சாவு வீட்டுக்கு நடந்தே போவான். சைக்கிளில் போய் இறங்கினால் மரியாதை இல்லையாம். ஓரமாக உட்கார்ந்து, வீட்டு ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பான். “அவரப் பத்தி நெசமா ஒன்னு சொல்லுங்க.” அந்த ஒன்று கிடைக்காமல் அச்சகத்துக்குத் திரும்ப மாட்டான்.

ஒரு முறை தெருவே பயந்து நடுங்கிய ஒரு முன்கோபி செத்துப்போனார். போய்க் கேட்டிருக்கிறான். அவர் மனைவி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “கோவம் வந்தா தட்டத் தூக்கி எறிவாரு தம்பி. ஆனா சோத்தத் தின்னுட்டு வெறுந்தட்டத்தான் எறிவாரு” என்றாராம். மறுநாள் சுவரில், ‘கோபத்திலும் சோற்றை மதித்த குணக்குன்றே’ என்று இருந்தது. அந்த அம்மா போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் முதல்முதலாக அழுதார் என்று சொன்னார்கள்.

“என்ன மாப்ள, செத்தவரு வந்து படிக்கவா போறாரு, எதையாவது எழுதேன்” என்பேன்.

“படிக்க மாட்டாருல்ல, அதுனாலதான் பொய் சொல்லக் கூடாது. வந்து இல்லைன்னு சொல்ல முடியாத ஆளப்பத்திப் பொய் சொல்றது பாவம்டா” என்பான்.

இப்படிப்பட்டவனைத்தான் டிவி கெடுத்தது.

ஒரு நாள் மினி பஸ்ஸில் யாரோ வெளிநாட்டு ராப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். அச்சகத்துக்கு ஓடிவந்து, “மாப்ள, நம்ம போஸ்டர் வாசகத்தத்தான்டா பாடிக்கிட்டிருக்கான். என்ன, கொஞ்சம் கோவமாச் சொல்றான்” என்றான். அன்றிலிருந்து ராப் பிடித்துக்கொண்டது. பழங்காநத்தம் ரவுண்டானாவைப் பற்றி, மினி பஸ் கண்டக்டரைப் பற்றி, எங்கள் முதலாளியின் மூக்குப்பொடியைப் பற்றி எல்லாம் பாடினான். நன்றாகவே இருந்தது. சென்னையில் ஒரு டிவியில் ராப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அங்கே முதல் நாளிலிருந்தே ஒரே பல்லவி. ரியலா இருங்க. ஹிப்ஹாப்னா உண்மை. இதைச் சொல்லிவிட்டு, இரண்டு ஆள் நுழையக்கூடிய ஒரு பேண்டை அவனுக்கு மாட்டிவிட்டார்கள். கழுத்தில் நாய்ச்சங்கிலி கனத்துக்கு ஒரு சங்கிலி. “மதுரைன்னா அருவா இருந்தா ரியலா இருக்கும், வச்சிருக்கீங்களா?” என்று ஒருவர் கேட்டார். “தேங்கா ஒடைக்கிற கத்தி வீட்ல இருக்கு சார், கொண்டாரச் சொல்லவா?” என்றான் இவன்.

பிறகு குறிப்பேடும் கையுமாக ஒரு பொண்ணு வந்தது. “உங்க ஸ்டோரி என்ன சார்?”

“போஸ்டருக்கு எழுதுறேன்மா.”

“அது இல்ல சார். சோகம்.”

ரைமிங் யோசித்தான். “எங்கம்மா நான் சின்னப் பிள்ளையா இருக்கயிலேயே தவறிட்டாங்க.”

அந்தப் பொண்ணு உதட்டைப் பிதுக்கியது. “அம்மா சென்டிமென்ட் இந்த வாரம் ஏற்கெனவே ரெண்டு பேர் சார். அப்பா இருக்காரா?”

அப்பா இருந்தார். எங்கள் அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டினால் காசு வாங்குவார், காற்றடித்தால் வாங்க மாட்டார். “காத்து என்ன என் கடையிலயா உண்டாகுது?” என்பார். மனைவி போனபின் அந்த ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர் அவர்தான். வீட்டில் அவர்கள் இரண்டே பேர்.

ஆறு மணி நேரம் காத்துக் கிடந்தோம். சோகம் உள்ளவர்களை எல்லாம் முதலில் கூப்பிட்டார்கள். கடைசியாக இவனை மேடை ஏற்றினார்கள். பாடினான். நடுவர், “உங்க அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார். ரைமிங் என்னைப் பார்த்தான். அப்புறம் குனிந்துகொண்டு, “இல்ல சார். தவறிட்டாரு” என்றான். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

வரும் வழியில் பஸ்ஸில், “டிவிக்குச் சொன்னதுதான மாப்ள, அப்பா சிரிச்சுக்கிருவாரு” என்றான். நானும் ஆமாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அது ஒளிபரப்பானது. பழங்காநத்தத்துக்காரர்களுக்கு அவர் உயிரோடு இருப்பது தெரியும். கொட்டாம்பட்டியில் இருந்த சொந்தக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? மதியத்துக்குள் அவருடைய அக்கா ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு, மாலை, கோடித்துணி சகிதம் தெருமுனையிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். சைக்கிள் கடை வாசலில் செத்தவர் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். அந்த அக்கா அழுகையை நிறுத்தாமலே அவர் முதுகில் ரெண்டு வைத்தார். “உசுரோட இருந்துக்கிட்டு ஏன்டா எங்கள இம்புட்டுத் தூரம் இழுத்தடிச்ச?” தெரு சிரித்தது. அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை அந்த மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். ரைமிங் என் பக்கத்தில்தான் இருந்தான். அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். “தம்பி, மாலை வந்துருச்சு. போஸ்டர் மட்டுந்தான் பாக்கி. நாலு வரி அடிச்சுக் குடுங்க. எழுதுறவருகிட்டச் சொல்லுங்க, என்னையப் பத்தி நெசமா ஒன்னு எழுதச் சொல்லி.”

ரைமிங் எழுந்து அவர் கையைப் பிடித்தான். “அப்பா, தப்புதாம்ப்பா. பேசுப்பா.”

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “செத்தவன் எப்படிப் பேசுவான் தம்பி?” என்று என்னைத்தான் கேட்டார்.

வீட்டிலும் பேசவில்லை. சோறு வைப்பார், பேச மாட்டார். அடுத்த சுற்றுக்கு வரச்சொல்லி டிவியிலிருந்து அழைப்பு வந்தபோது, ரைமிங் போக மாட்டான் என்று நினைத்தேன். போனான். “எங்க சொன்னேனோ அங்கயே மாத்திச் சொல்லிட்டு வாரேன்” என்றான். நான் அவன் அப்பாவிடம் போய், “இந்த வாரம் கட்டாயம் பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினேன்.

அந்தப் பேண்டும் சங்கிலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொந்தச் சட்டையில் மேடை ஏறினான். மேடையில் அவன் பாடியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

“எங்கப்பா இருக்காரு, சைக்கிள் கடையில இருக்காரு,
காத்துக்குக் காசு வாங்காமக் கைவலிக்க இருக்காரு.
செத்துட்டாருன்னு சொன்னவன் நிக்கிறேன் இங்க,
அவரு பெத்ததுல செத்தது நான்தாங்க.”

அரங்கத்தில் ஒருத்தரும் கைதட்டவில்லை. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் கண்ணாடிக்காரர் சொன்னார், “போன வாரம் இருந்த உண்மை இன்னிக்கு இல்ல. ஃபீல் வரல.”

ஞாயிற்றுக்கிழமை டீக்கடை டிவி முன்னால் அவன் அப்பா வெள்ளைச்சட்டை போட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டையே வெட்டிவிட்டார்கள். ரைமிங் தலைகுனிந்து நிற்கிற ஒரு காட்சி, வெளியேற்றப்பட்டார் என்ற எழுத்து, அவ்வளவுதான். உடனே விளம்பரம் வந்துவிட்டது.

“அவன் சொன்னாம்ப்பா. நான் என் காதால கேட்டேன். வெட்டிட்டாங்க” என்றேன்.

“டிவில வந்தது பொய்யி, வராதது நெசம். அப்படித்தான தம்பி?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறம் ஆறு வருடம், ஒரே வீட்டில் இருந்தும் அவர் மகனிடம் பேசவே இல்லை. ரைமிங் பாடுவதை விட்டுவிட்டான். கல்யாணப் போஸ்டருக்குக்கூட அளந்துதான் எழுதினான். பெருமையடித்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அவனுடைய சைக்கிள். “என் டயரு ராசியான டயரு மாப்ள. அப்பா கடைப்பக்கம் போயி ஆறு வருசமாச்சு. ஒரு நாளு காத்து எறங்கிருக்கா சொல்லு.”

நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்குத் தெரியும். அவன் சாவு வீட்டுக்கு நடந்து போகிற நேரங்களில் சைக்கிள் அச்சக வாசலில் நிற்கும். அப்போது அவன் அப்பா கையில் பம்போடு வருவார். முன் டயரை அமுக்கிப் பார்ப்பார், பின் டயரை அமுக்கிப் பார்ப்பார், காற்றடிப்பார், போய்விடுவார். முதல் தடவை நான் பார்த்துவிட்டபோது, “சொல்லிராத தம்பி. செத்தவன் செய்ற வேல இல்ல இது” என்றார்.

ஒரு மதியம், கடை பெஞ்சில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ரைமிங் அச்சகத்துக்கு வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். “மாப்ள, போஸ்டர் அடிக்கணும். எங்க வீட்ல கேக்குறதுக்கு ஆளில்ல. நீ கேளு, நான் சொல்றேன்.”

கேட்டேன். “உங்கப்பாவப் பத்தி நெசமா ஒன்னு சொல்லு.”

ஊர்ச் சாவுக்கெல்லாம் எழுதினவன் பேப்பர் கட்டின் மேல் கட்டைவிரலால் தாளம் போட்டுப் பார்த்தான், ஒரு வரியும் வரவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன். ஆறு வருடமாக அந்த டயரில் காற்று ஏன் இறங்கவில்லை என்று சொன்னேன்.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினான். கல் மாதிரி இருந்தது. முந்தாநாள் காலையில்தான் அடித்துவிட்டுப் போயிருந்தார். அந்த டயரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவன் அழுததை நான் யாருக்கும் சொன்னதில்லை, இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். போஸ்டரில், ‘காற்றுக்குக் காசு வாங்காதவர்’ என்று மட்டும் போட்டோம். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை.

அன்றிலிருந்து ரைமிங் அந்தச் சைக்கிளில் ஏறுவதில்லை. உருட்டிக்கொண்டு வருகிறான், உருட்டிக்கொண்டு போகிறான். யாரையும் தொட விடுவதில்லை. வாரம் ஒரு தடவை டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் எறங்கல பாரு மாப்ள. அம்புட்டு இறுக்கமா அடிச்சிருக்காரு” என்கிறான்.

நான் ஆமாம் என்கிறேன். அவன் அடுத்த சாவு வீட்டுக்கு நடந்து போகிற நேரம் பார்த்து, பம்பை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன்.