உங்கள் வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்

அரசாங்கத்தை எதிர்த்துப் போராடுவது என்று நான் முடிவெடுத்த காலையில் எங்கள் வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் வீர உரையை முகம் கழுவாமலே ஆற்ற வேண்டியதாகிவிட்டது.

"இந்தச் சட்டத்தை நான் சும்மா விடப்போறதில்ல!" என்றேன்.

"முதல்ல கையில இருக்கற வாளியை விடுங்க. அடுப்படிக்கு வேணும்," என்றாள் என் மனைவி.

விட்டுவிட்டேன்.

என்னைத் தெருவில் எல்லாரும் 'மைக்' என்பார்கள். பெரிய பலசரக்குக் கடை ஒன்றில் நான் அறிவிப்பாளன். "அன்பான வாடிக்கையாளர்களே!" என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்குமே, அது அடியேன்தான். கிரீம் பிஸ்கட், சிப்ஸ், கேக், கலர் சோடா என்று வாசலில் மலை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். நான் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் மலை மட்டமாகிவிடும். கடையில் அப்படி. வீட்டில் நான் பேசினால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். 'உங்களுக்காக வாங்குங்கள்' என்றால் ஒரு ஆள் திரும்பிப் பார்க்க மாட்டான். தனக்கென்று வாங்கத் தயங்குவான், அப்புறம் பார்க்கலாம் என்பான். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "உங்கள் வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், கூடையை நிரப்பிக்கொண்டு போவான். இந்த ரகசியத்தை ஒருநாள் பெருமை தாங்காமல் மனைவியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

என் வாயில் மண்ணைப் போட்டது அந்தப் புதுச் சட்டம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பண்டங்களை விற்கலாமாம், கூவக் கூடாதாம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' கூடாது. வாசலில் அடுக்கக் கூடாது. பணம் கட்டுகிற இடத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி தொங்கவிடக் கூடாது. எல்லாம் கடைசி வரிசைக்கு, துடைப்பத்துக்கும் தரை துடைக்கிற திரவத்துக்கும் பக்கத்தில் போய்விட்டது.

பஸ்ஸில், கடையில், முடிவெட்டுகிற இடத்தில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. எங்கள் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், கொதித்துப் போயிருந்தார்.

"மைக்! இன்னைக்கு நான் என்ன திங்கணும்னு மந்திரி சொல்றாரு. நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும்னு சொல்லுவாரா?"

"திங்க வேணாம்னு யாரும் சொல்லலைங்க. விளம்பரம் பண்ண வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க," என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அதைச் சொல்ல அவங்க யாரும்மா? நாமென்ன சின்னப் பிள்ளைங்களா? என்னை அதட்டறதுக்கு இந்த உலகத்துல எவனுக்கும்..."

"ஏங்க! உள்ள வாங்க!" என்று அவர் வீட்டிலிருந்து ஒரு சத்தம். உரிமைப் போராளி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கடையில் என் நிலைமை இன்னும் மோசம். மேனேஜர் என்னிடம் காய்கறியைக் கொடுத்துவிட்டார். வெள்ளரிக்காயைப் பற்றி என்ன சொல்வது? பச்சையாக இருக்கிறது, நீளமாக இருக்கிறது, அதற்கு மேல் அதற்கே ஒன்றும் தெரியாது. நானும் முயன்றேன். ஒரு அம்மா மேலே பார்த்து, பிறகு என்னைத் தேடி வந்து, "தம்பி, யாராவது தவறிட்டாங்களா? குரல் அப்படி இருக்கு," என்று கேட்டார்.

அதனால்தான் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கண்டனக் கூட்டம் போடப்போகிறார்கள், மைக்கில் பேச நீதான் வர வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் போவதற்கு இன்னொரு சேதி காத்திருந்தது. நானும் மனைவியும் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். ஊசியைக் கண்டால் நான் கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி. ரிசல்ட் என்றால் காதையும் மூடிக்கொள்வேன். அதனால் அவளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சர்க்கரைங்க. நிறைய இருக்காம். வாயைக் கட்டலேன்னா கண்ணு, கிட்னி, காலுன்னு ஒவ்வொண்ணா போகுமாம்."

"யாருக்கு?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "எனக்குத்தான்," என்றாள்.

"எனக்கு?"

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க. சத்துதான் கொஞ்சம் கம்மியாம். மாத்திரை எழுதியிருக்காரு."

இந்த வியாதி எங்களுக்குப் புதிதில்லை. என் அண்ணனைக் கொண்டுபோனதே இதுதான். டாக்டர் அண்ணனிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். "என் வாய், என் உடம்பு, எனக்கு எவன் சொல்றது?" என்று அண்ணன் அன்றைக்கே ஒரு கேக்கை முழுசாகத் தின்றார். முதலில் கால்விரல் போனது. பிறகு பாதம். பிறகு அண்ணன். அண்ணி இப்போது தனியாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். யார் போனாலும், 'வாங்க' என்பதற்கு முன்னால் அந்தக் காலி நாற்காலியை ஒருமுறை பார்ப்பார்.

அண்ணி இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். இவள் இல்லாத வீட்டுக்குள் சாவியைப் போட்டுத் திறந்து நுழைவதை நினைத்தேன். சட்டமாவது, கூட்டமாவது! பகலில் அவள் அசந்து தூங்கினால்கூட, மூச்சு வருகிறதா என்று பக்கத்தில் போய் நின்று பார்ப்பேன். சிரிக்காதீர்கள். எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே எந்தச் சட்டத்தை எதிர்த்தேனோ, அதை வீட்டுக்குள் நானே போட்டேன். அலமாரியில் இருந்த பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் வெளியே. நான் தின்றால் அவளுக்கு ஆசை வருமே என்று நானும் தொடவில்லை. டீயில் சர்க்கரை கிடையாது, இரண்டு பேருக்கும். அவள் நடக்க வேண்டுமென்று டாக்டர் சொன்னதால் துணைக்கு நானும் நடந்தேன். அவள் நிம்மதியாகத்தான் நடந்தாள். நாக்குத் தள்ளியது எனக்கு. காலையில் அவள் சர்க்கரை மாத்திரை போடும்போது, "நீங்களும் உங்க சத்து மாத்திரையைப் போடுங்க," என்று என் உள்ளங்கையில் வைப்பாள். நல்ல பிள்ளையாகப் போட்டுக்கொள்வேன்.

ஆனாலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. ஒருநாள் அவள் பையில் ஒரு துண்டு கேக் இருந்தது.

"என்ன இது?"

"ஒரே ஒரு துண்டுங்க."

"கூடாது."

"பாதி?"

"கூடாதுன்னா கூடாது!"

கேக் குப்பைக்குப் போனது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் 'கூடாது' என்று சொல்லி ஒன்று நடந்தது அன்றைக்குத்தான். ஆட்சி நம் கைக்கு வந்துவிட்டது என்று நெஞ்சு விம்மியது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், கேக்குக்காக அழுகிறாளே என்று எனக்கு மனசு கரைந்தது.

"அழாதே. போகப் போகப் பழகிடும்," என்றேன்.

கண்டனக் கூட்டம் வந்தது. நான் போகாமல் இருந்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். மைதானத்தில் நல்ல கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் கிரீம் பிஸ்கட் பாக்கெட் இலவசம். மைக்கைப் பிடித்தேன். பழைய குரல் தானாக வந்தது.

"அன்பான பொதுமக்களே! நாம் எதைத் தின்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? நம் கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்க இவர்கள் யார்?"

கைதட்டல். எதிர்வீட்டுக்காரர் விசில் அடித்தார். அவருக்குப் பின்னால் பார்த்தேன். பச்சைப் பையை மாட்டிக்கொண்டு என் மனைவி. பாக்கெட்டைப் பிரித்து, ஒரு பிஸ்கட்டை எடுத்து, ஊருக்கே காட்டுவது போல உயரப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறாள்.

"பச்சைப் பை அம்மா! அதைக் கீழ வைங்க!" என்று மைக்கில் அலறினேன். "வைங்கன்னா வைங்க! பக்கத்துல யாரு? அந்தப் பாக்கெட்டைப் பிடுங்குங்க!"

மைதானமே என் மனைவியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ, "ஐயா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவங்களுக்குச் சர்க்கரைங்க. அவங்க இல்லேன்னா வீட்ல எனக்காகக் காத்திருக்க ஆளே இல்ல," என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். முன்வரிசையில் சிலர் கையிலிருந்த பாக்கெட்டை மெதுவாகக் கீழே வைத்தார்கள். அவள் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மேனேஜர் மைக்கை வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு நீக்கவில்லை, கடைசி வரிசையில் சாமான் அடுக்கப் போட்டார். நான் விற்ற பிஸ்கட்டும் நானும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இப்போது எனக்குப் பேச்சுத் துணை துடைப்பம்தான்.

மாதங்கள் போயின. சத்து ஏறியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்று நடுவில் ஒருமுறை என்னை இழுத்துப்போய் மறுபடி ரத்தம் கொடுக்க வைத்தாள். என் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அன்று மனைவி அண்ணியைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் மாத்திரை தீரப்போகிறதே என்று அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

மருந்துக்கடைக்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இது வெறும் சத்து மாத்திரை சார். இது அம்மா போடறது. உங்க சர்க்கரை மாத்திரை அட்டையைக் கொண்டு வரலையா?"

"சர்க்கரை எனக்கில்லைங்க. அவங்களுக்கு."

"அம்மாவுக்கா? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே சார். ஆரம்பத்துலேர்ந்து உங்களுக்குன்னுதானே வாங்கிட்டுப் போறாங்க? ரொம்ப ஏறியிருந்துச்சு, இப்பதான் கொஞ்சம் இறங்கியிருக்குன்னு..." என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாதா?"

வரும் வழியில் ஒரு வீட்டு மதில்மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது சந்தோஷம். அவளுக்கு ஒன்றுமில்லை! என்னைப் பற்றிய நினைப்பே பிறகுதான் வந்தது. அதற்குப் பின்னால் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாளே, அது வந்தது. பழகிடும் என்று நான் சொன்னதும் வந்தது. வியாதியே இல்லாதவள் இத்தனை மாதமாக எனக்காகக் கசப்பு டீயைக் குடித்திருக்கிறாள்.

இந்த ஒருமுறை நான் அவளை ஏமாற்றுவது என்று தீர்மானித்தேன். எதுவும் தெரியாத மாதிரியே இருந்துவிடுவேன். அவள் ஏமாற்றட்டும், நான் ஏமாறுகிறேன். அவள் திரும்பி வந்ததும் நானே டீ போட்டேன். என் கப்பில் சர்க்கரை இல்லை. அவள் கப்பில் மட்டும் இரண்டு ஸ்பூன் போட்டு, சத்தம் வராமல் கலக்கிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். கப்பை வைத்தாள்.

"மருந்துக்கடைக்காரர் போன் பண்ணாருங்க."

என் நடிப்பு ஒரு வாய் டீக்குக்கூடத் தாங்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"உங்க அண்ணன்கிட்ட சொன்னாங்களே, என்ன ஆச்சு? நீங்களும் அந்த வயித்துல பொறந்தவர்தானே? உங்களுக்காகன்னா கேக்க மாட்டீங்க. வீட்ல ஒருத்தர் காத்திருக்காங்கன்னு சொன்னாதான் கேப்பீங்க. இந்த வியாபாரத்தை எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"அப்ப கூட்டத்துல அந்த பிஸ்கட்?"

"நீங்க மைக்கைப் பிடிச்சா பழையபடி ஆயிடுவீங்களோன்னு பயந்துட்டேன். எனக்கு கிரீம் பிஸ்கட்டே பிடிக்காதுங்க. இவ்வளவு வருஷத்துல அதுகூட உங்களுக்குத் தெரியலை."

சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் அழுதாள். "உங்க அண்ணி இன்னும் ரெண்டு தட்டு எடுத்து வெக்கிறாங்க. எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்து ஒண்ணை உள்ள வெக்கிறாங்க. இன்னைக்கும் பார்த்தேன். என்னால அப்படி இருக்க முடியாதுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே பொய்யெல்லாம் வேணாம். எனக்காகவே நான் வாயைக் கட்டறேன்."

"முடியுமா? உண்மையைச் சொல்லுங்க."

உண்மையாகவே யோசித்தேன். கடைசி வரிசை கண்ணுக்குள் வந்தது. துடைப்பத்துக்குப் பக்கத்தில் கிரீம் பிஸ்கட். அடுக்குகிறவன் நான், கேட்பார் இல்லை.

"தெரியலை," என்றேன்.

"எனக்குத் தெரியும். என்னைக்காவது இந்தப் பொய் உடைஞ்சிடும்னுதான் போன வாரம் நானும் திரும்பப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்தேன்."

"ரிசல்ட் வந்துடுச்சா? என்ன சொன்னாங்க?"

அவள் எழுந்தாள். நான் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கப்பைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்," என்றாள்.