பெட்டிசம் காக்காவின் பதினான்காம் ஷரத்து

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், பக்கத்துப் பாயில் படுப்பவனுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் பெட்டிசம் காக்கா; எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். அந்தப் பக்கத்துப் பாய்க்காரன் அடியேன்.

நான் செய்த குற்றம், ஈரச் சாரனைக் கொடியில் அவருடைய பக்கத்தில் காயப்போட்டது. சாதாரண மனிதனென்றால் சாரனை எடு என்று சொல்லியிருப்பான். காக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கந்தோருக்குப் போனார். மூன்றாம் நாள் தபால்காரர் வாசலில் மணியடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைத் தந்தார். உள்ளே இரண்டு பக்கப் பெட்டிசம். 'கனம் பொருந்திய ஐயா' என்று தொடங்கி, சாரனின் நிறம், நீளம், அதிலிருந்து தண்ணீர் சொட்டிய இடம் எல்லாவற்றையும் விவரித்து, 'தங்கள் தாழ்மையுள்ள மனுதாரர்' என்று முடிந்தது. தாழ்மையுள்ள மனுதாரர் அப்போது என் எதிரே வாங்குப் பலகையில் குந்தியிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா இது?"

"பதினாலு நாளைக்குள்ள மறுமொழி எழுதுங்க தம்பி."

சாரன் அதற்குள் காய்ந்து, மடித்து, இரண்டு தரம் உடுத்தும் ஆகிவிட்டது. ஆனாலும் மறுமொழி எழுதினேன். அது தவறு என்று பிற்பாடுதான் தெரிந்தது. மறுமொழி எழுதத் தெரிந்தவன் என்று கண்டுகொண்ட பிறகு அவர் என்னை விடவேயில்லை.

காக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்முனையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனை, அவற்றுக்குப் பின்னால் நாலாக மடித்த காபன் தாள். மாடு வயலில் இறங்கினாலும் சரி, வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, ஊர்ச்சனம் அவரிடம்தான் வரும். எல்லாருக்கும் சும்மாதான் எழுதிக்கொடுத்தார். அம்பாறை பஸ் தரிப்பிடத்தைவிட்டுப் பத்து யார் தூரம் தள்ளி நிற்கிறது என்று சொந்தமாகவும் ஒரு பெட்டிசம் போட்டார். இரண்டு மாதத்தில் தரிப்பிடப் பலகையைப் பிடுங்கி, பஸ் நிற்கிற இடத்தில் நட்டார்கள். பஸ் அதற்கும் பத்து யார் தள்ளி நிற்கத் தொடங்கியது. காக்கா பலகைக்கு எதிராக இன்னொன்று எழுதினார்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாமார் வீடு கட்டத் தொடங்கிவிடுவார்கள். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே ஆண்பிள்ளைக்கு வீடென்று ஒன்று கிடையாது. பிறந்த வீடு ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விடும். புகுந்த வீடு பெண்சாதியின் பெயரில் இருக்கும். நடுவில் எங்கேயாவது வாடகைக்கு ஒண்டிக்கொள்ளலாம். சாய்ந்தமருதில் ஹாஜியார் ஒருவர் மகளுக்குக் கட்டிய வீடு அப்படிச் சும்மா கிடந்தது. மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை இரண்டு வருடக் கொந்தராத்தில் சவூதிக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம்: காக்கா, திருக்கோவிலைச் சேர்ந்த சித்திரப் பாட வாத்தியார் நடேசன், வரிப்பத்தான்சேனையிலிருந்து கிளாக்கர் உத்தியோகத்துக்கு வந்த நான். இது எழுபதுகளின் கடைசியில்.

ஹாஜியாருக்கு வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது. காக்காவுக்குப் போதவில்லை. அவரே இருந்து பத்தொன்பது ஷரத்துகளில் ஓர் உடன்படிக்கை எழுதி, எங்கள் தலையில் நாங்களே மண்ணள்ளிப் போடுவதற்குக் கையெழுத்தும் வாங்கினார். மூன்றாம் ஷரத்து எந்தக் கிழமை யார் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது என்பது. ஏழாம் ஷரத்து மீன் தலை யாருக்கு என்பது. பதினான்காம் ஷரத்துத்தான் என் கழுத்துக்கு வந்தது. இரண்டு வருடத் தவணை முடியுமுன் வீட்டை விட்டுப் போகிறவர் தனக்குப் பதில் ஆள் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். அந்த ஆளை மற்றவர்கள் எழுத்தில் ஏற்க வேண்டும். ஹாஜியார் அந்தத் தாள்களைப் பெட்டகத்தில் பூட்டிவைத்து, தன் வீட்டுக்குப் பத்தொன்பது ஷரத்து இருக்கிறதென்று பள்ளிவாசலில் பெருமையடித்துக்கொண்டார்.

காக்கா ஏன் எங்களைப்போலப் பொடியன்களோடு ஒண்டிக் கிடந்தார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. முன்னொரு காலத்தில் மருதமுனையில் கலியாணம் முடித்தவர்தான். நாலாம் மாதம், ஆணத்தில் உப்புக் கூடுகிறது என்று மாமியாருக்கு ஒரு பெட்டிசம் எழுதிக் குசினி வாசலில் வைத்துவிட்டார். பெண்சாதியிடம் வாயால் சொல்லியிருந்தால் ஒரு சிட்டிகையோடு போயிருக்கும். மாமிக்கு வாசிக்கத் தெரியாது. ஏதோ அரசாங்கக் கடுதாசி, காணி போகப்போகிறது என்று பதறி, பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கொடுத்து வேலியோரம் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டார். பாதித் தெரு கூடி நின்று உப்பு விவகாரம் கேட்டது. மறுநாள் காக்கா தகரப் பெட்டியோடு வெளியே வந்தார். வீடு அவருடையதல்ல, ஆகவே போக வேண்டியவரும் அவர்தான்.

தவணைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கும்போது எனக்கு நிந்தவூரில் கலியாணம் பொருந்தியது. பெண்ணின் வாப்பா வயல்காரப் போடியார். பெரும்போக வெட்டு முடிந்த கையோடு நிக்காஹ் என்று நாளும் குறித்துவிட்டார். அதன்படி தவணைக்கு ஐந்து மாதம் முன்னாலேயே நான் போக வேண்டும். நான் வீட்டை விடுவதைப் பற்றி ஹாஜியாரிடம் போய் நின்றேன். காக்கா ஓம் என்றால் தானும் ஓம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். போடியார் ஹாஜியாருக்குச் சாச்சா மகன் முறை. விஷயம் பத்தொன்பது ஷரத்தும் சேர்ந்து நிந்தவூருக்குப் போனது. போடியார் சொன்னாராம்:

"ரெண்டு வருசத்துச் சொல்லையே காக்க ஏலாதவன் என்ட மகள்ற ஊட்டில எத்தின நாளைக்கி இரிப்பான்?"

பெண்ணை ஒரே ஒரு தரம், அதுவும் யன்னல் சீலை விலகியபோது பார்த்திருந்தேன். அந்தப் பெண் இல்லையென்றால் வேறு பெண் வேண்டாம் என்கிற அளவுக்கு அந்த ஒரு தரமே போதுமாயிருந்தது. பதில் ஆள் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் இறக்காமத்திலிருந்து விவசாய உத்தியோகத்தர் ஒருவரைக் கொண்டுவந்தேன். காக்கா அவருக்கு நெத்தலி ஆணத்தோடு வயிறு முட்டச் சோறு போட்டு, பகலிலேயே பாயைப் போட்டுப் படுக்கச் சொன்னார். மனிதர் சந்தோஷமாகக் கண்ணயர்ந்தார். காக்கா தலைமாட்டில் கதிரை போட்டுக் குந்தி, குறட்டைக்கொரு கோடு கிழித்து, ஒரு பக்கம் நிறைந்ததும் எழுப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள் தையல் மெஷின் விற்கிறவர். ஷரத்துகளை வாசித்துக் காட்டியபோது "சரி, பாப்பம்" என்றார். பத்தொன்பது ஷரத்துக்குள் 'பாப்பம்' என்று ஒரு சொல் இல்லை என்று அவரும் அனுப்பப்பட்டார். மூன்றாவதாக வந்தவர் வங்கியில் வேலை. குறட்டை இல்லை, சுருட்டு இல்லை, மீன் தலையே தின்பதில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. காக்கா ஒரு வாரம் யோசித்து எழுத்தில் முடிவு தந்தார்: 'விண்ணப்பதாரரிடம் குறை எதுவும் காணப்படவில்லை. இது பலத்த சந்தேகத்துக்குரியது.'

நிக்காஹுக்கு மூன்று வாரம் இருந்தது. நான் காக்காவோடு கதைப்பதை நிறுத்தினேன். அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. எழுத்துமூலம் வராத எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. நடேசன்தான் வழி சொன்னான்.

"மச்சான், அவருக்கு விளங்கிற மாதிரிக் கதை. நீயும் ஒரு பெட்டிசம் போடு."

அன்றைக்கே குந்தியிருந்து எழுதி, மூன்று பிரதி எடுத்து, காக்காவின் கையில் கொடுத்தேன். சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பித் தந்தார். காரணங்கள் பலவீனமாம். பிறகு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, தானே எனக்காக எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தார். ஓர் இளைஞனின் வாழ்வு, ஒரு கன்னிப்பெண்ணின் காத்திருப்பு, கல்நெஞ்சும் கரைய வேண்டிய நியாயங்கள் என்று நாலு பக்கம். வாசித்த எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கி, முழுவதையும் புதிதாக வாசிப்பவர்போல வாசித்து, தலையை ஆட்டி ரசித்து, அடியில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் போடியார் வந்து இறங்கினார். கூட ஹாஜியார். மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஆள் என்று கூட இருப்பவரிடம் விசாரிக்க வந்திருந்தார்கள். விசாரிக்க அகப்பட்டவர் காக்கா. என்னையும் நடேசனையும் தேத்தண்ணி போடச் சொல்லிக் குசினிக்குள் அனுப்பிவிட்டு, காக்கா கட்டிலின் அடியிலிருந்து பெட்டிசங்களைத் தொகுத்த ஒரு தடித்த கோவையை இழுத்து எடுத்தார். நான் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவருக்கு எதிரா நான் போட்ட பெட்டிசம் மொத்தம் நாப்பத்தியொண்டு" என்று ஆரம்பித்தார்.

ஈரச் சாரனிலிருந்து வரிசையாக வாசித்தார். குளிக்கும்போது பாடியது. மீன் தலையை முறை மாறித் தின்றது. சாய்வு நாற்காலியைச் சாய்த்தபடியே விட்டுப் போனது. போடியாரின் கைத்தடி தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஹாஜியார் இரண்டு தரம் செருமினார். முப்பதாவதில் நடேசன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்தொன்றும் முடிந்தது. என் கலியாணமும் முடிந்தது என்று நினைத்தேன்.

காக்கா கோவையைப் போடியாரின் பக்கம் திருப்பினார்.

"நாப்பத்தியொண்டுக்கும் மறுமொழி இரிக்கி, பாருங்க. ஒரு நாளும் கோவிச்சிக்கிட்டுப் பெட்டியத் தூக்கல்ல. நான் பொண்டாட்டிர ஊட்டில நாலு மாசம் இருந்த ஆள். இருக்க ஏலாதவன் எப்பிடி இருப்பான் எண்டு எனக்குத் தெரியும். இவர் இருப்பார்."

போடியார் கோவையை இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு போடியார் கேட்டார், அப்படியென்றால் இந்த வீட்டை ஐந்து மாதத்துக்கு முன்னால் ஏன் விடுகிறார் என்று. விடவில்லை, பதில் ஆள் அமைந்துவிட்டது என்றார் காக்கா. ஆர் அந்த ஆள் என்றார் ஹாஜியார்.

"நான்தான்."

பதில் ஆள் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று பதினான்காம் ஷரத்தில் எங்கேயும் எழுதவில்லையாம். ஆகவே இனி அவர் இரண்டு பேர். தன் முறைக்கும் தண்ணீர் அள்ளுவார், என் சனிக்கிழமை முறைக்கும் அள்ளுவார். ஏற்புக் கடிதம் தயாராக இருந்தது. நடேசனைக் கூப்பிட்டார்; அவன் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். போடியார் எழும்பும்போது, இப்படியொரு ஆளோடு இவ்வளவு காலம் இருந்தவன் எங்கேயும் இருப்பான் என்றார். எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அதுதான்.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் காக்காவும் வந்தார். பெண் வீட்டு வாசல் வந்ததும் எல்லாரும் உள்ளே போனார்கள். அவர் மட்டும் வேலை இருக்கிறதென்று திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. புது மாப்பிள்ளைக்கு எங்கே நேரம்?

சவூதி மாப்பிள்ளை வந்துவிட, வீட்டை ஹாஜியாரிடம் கையளிக்கிற நாளில், சாமான் ஏற்ற உதவலாமென்று நிந்தவூரிலிருந்து சைக்கிளில் போனேன். நடேசன் சித்திரப் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தான். காக்கா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நடேசன் என்னைக் குசினிக்குள் இழுத்து, காக்காவுக்குப் பொத்துவிலுக்கு மாற்றம் வந்து மூன்று மாதம் ஆகிறதென்றான். அங்கே அரசாங்க விடுதி, தனி அறை, எல்லாம் தயாராம். கொழும்பு வரைக்கும் பெட்டிசம் போட்டு, போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார்.

"என்னத்துக்கு?"

"உன்ர இடம் காலியாப் போயிருமாம். நீ சொல்லு மாறின ஆளாப் போயிருவியாம்."

குசினிச் சுவரில் தண்ணீர் அள்ளும் அட்டவணை தொங்கியது. சனிக்கிழமைக்கு நேரே என் பெயர் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. இருபத்தொரு சனிக்கிழமை; ஒவ்வொன்றிலும் என் பெயருக்குக் கீழே 'இவருக்காக' என்று காக்காவின் சுருக்கொப்பம்.

வெளியே வந்தேன். காக்கா கதவுத் திறப்பை ஹாஜியாரிடம் கொடுத்து, அதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிவிட்டு, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, அதற்கும் மூன்று பிரதி கேட்பாரோ என்று பயம். அவர் என் தோளில் கையை வைத்தார்.

"ஒங்கட அஞ்சு மாசம் இண்டையோட முடிஞ்சி தம்பி. இனி நீங்க போகலாம்."

கலியாணம் முடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆனால் நான் அந்த வீட்டை விட்டுப் போனது அன்றைக்குத்தான். சைக்கிளில் ஏற மனமில்லாமல், காரைதீவு வரைக்கும் உருட்டிக்கொண்டே நடந்தேன்.