தீவு ஒத்துக்குமா?

"தீவெல்லாம் உங்களுக்கு ஒத்துக்காது" என்றாள் மனைவி, சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே.

சற்று முன்புதான், அடுத்த மாதம் ஒரு தீவுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். வெயில், வெள்ளை மணல், கரையோரம் ஓலை வேய்ந்த குடில். செல்போனில் படமும் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு தண்ணிக்கு நடுவுல போய் எதுக்கு உட்காரணும்?" என்று கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவர் ஒரு குளிர்கிடங்கில் சூப்பர்வைசர். பகல் முழுவதும் உறைந்த இறைச்சிப் பெட்டிகளுக்கு நடுவே, பஞ்சு வைத்த கோட்டும் காதை மூடும் குல்லாவுமாக நடமாடுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் குல்லா தலையை விட்டு இறங்காது. ஜன்னலைத் திறந்தால் சளி. ஃபேன் போட்டால் கழுத்துப் பிடிப்பு. வெளியூர் கிளம்பினால், பாதி வழியில் கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பச் சொல்வார். மூடித்தான் இருக்கும். இப்படியே மகளும் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது இரண்டு பேரும் மூடிய ஜன்னல்களும்தான்.

அன்று ராத்திரி அவருக்கு ஏனோ மனசு ஆறவில்லை. "ஒத்துக்காது" என்று சொல்வது அந்த வீட்டில் அவருடைய உரிமை. அதை அவள் எப்படிச் சொல்லலாம்?

மறுநாள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"சார், விவரம் தெரியாத ஆளா இருக்கீங்களே! பொண்டாட்டி 'உங்களுக்கு ஒத்துக்காது'ன்னா, 'கெஞ்சிக் கூப்பிட எனக்குத் தெம்பு இல்ல, நீங்களா வாங்க'ன்னு அர்த்தம். ரெண்டு கல்யாணம் பண்ணவன் சொல்றேன்."

"முதல் கல்யாணம் என்னாச்சு?"

"அது ஒத்துக்கல சார்."

அன்று மாலையே டாக்டரிடம் போனார்.

"என்ன தொந்தரவு?"

"தீவு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த இடத்துல?"

விளக்கமாகச் சொன்னதும், வெயிலே படாத உடம்பு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க நாள் இல்லை என்பதால், வந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு மொத்தமாகவே பழக்கினார். வெதுவெதுப்பில் தூங்கிப்போனார். எழுந்தபோது முகத்தின் ஒரு பாதி செங்கல் நிறத்தில் இருந்தது. மறுபாதி கிடங்கு நிறத்திலேயே இருந்தது.

மனைவி களிம்பு தடவிவிட்டாள். "இந்த வயசுல எதுக்குங்க இந்த வேலையெல்லாம்?"

"தீவுக்காகத்தான். நானும் வரேன்னு சொன்னா உனக்குச் சந்தோஷமா இருக்கும்ல?"

கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. களிம்பு டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்பத் திருகினாள்.

"உடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்றாள் கடைசியில். "நான் கேட்டேனா?"

என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

விமானத்திலிருந்து இறங்கி, தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். படகு என்றால் குமட்டல். அதைப் பழக்க, தெருமுனைப் பூங்காவில் ஊஞ்சல் ஆடிப் பார்த்தார். ஐந்தாவது வீச்சிலேயே தலை சுற்றி, செடிக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தார். காவலாளி வந்து நின்றான்.

"பெரியவரே, குழந்தைங்க வரிசையில நிக்குதுங்க. ஆடினது போதும், இறங்கிக்குங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்பா. தீவுக்குப் போகணும்."

"இதுல எவ்வளவு ஆடினாலும் இங்கேயேதான் இருப்பீங்க."

அடுத்து நீச்சல் குளம். பொடிசுகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதறினார். ஒரு முறை கம்பி நழுவ, குளத்துத் தண்ணீரில் பாதி வாய் வழியாகவும் மீதி காது வழியாகவும் உள்ளே போயிற்று. வாய் வழியாகப் போனது வெளியே வந்தது. இடது காது மட்டும் அடைத்தே கிடந்தது.

ஆனால் ஒன்று. தோள் மேல் வெயில் விழ, இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, வாழ்க்கையில் எதையோ வேண்டாம் வேண்டாம் என்றே ஓட்டிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. இவளை எங்கே கூட்டிப்போனோம்? பாதி வழிவரை. எத்தனையோ ஊர்களுக்குப் பாதி வழிவரை மட்டும். அன்று வீட்டுக்குப் போனதும் குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கூடத்து ஜன்னலைத் தாமே திறந்தார். கொக்கி துருப்பிடித்திருந்தது. சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது.

மனைவி சமையலறையிலிருந்து வந்து, திறந்த ஜன்னலைப் பார்த்துத் திடுக்கிட்டாள். நேரே போய்ச் சாத்தினாள்.

"சளி பிடிச்சுக்கும்" என்றாள்.

"பிடிக்காதும்மா. எனக்கு இப்ப எல்லாம் பழகிடுச்சு."

அவள் முகம் இருண்டுபோனது. நமக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள், பாவம், என்று அவர் உருகினார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் அவருக்கு இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினாள். அடைத்த காதில் அது குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் விழுந்தது. காது அடைத்திருக்கிறது என்று சொன்னால், "பார்த்தீங்களா, ஒத்துக்கல" என்பாள். அதனால் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் நிமிர்ந்து கேட்டது மட்டும் கேட்டது.

"என் மேல கோவம் இல்லையே?"

"எனக்கென்ன கோவம்? உன் இஷ்டப்படியே நடக்கட்டும்."

அவள் சட்டென்று அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல அவரை ஒருமுறை பார்த்தாள். "இவ்வளவு சுலபமா சரின்னு சொல்வீங்கன்னு நினைக்கவே இல்ல" என்றாள். அவருக்கும் கண் கலங்கியது.

மறுநாள் கிடங்கில் லீவு சொல்லிவிட்டு, அவள் டிக்கெட் எடுத்திருந்த பயண அலுவலகத்துக்கே போனார். கண்ணாடிக் கதவு, சுவர் நிறையக் கடல். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள்.

"அம்மா பேர்ல ஒரு டிக்கெட்தான் சார் இருக்கு."

"இருக்கட்டும்மா. நான் வரமாட்டேன்னு நினைச்சு ஒண்ணு மட்டும் எடுத்திருப்பா. பக்கத்து சீட்டை எனக்குப் போடு. அவகிட்ட சொல்லிடாதே. விமானத்துல போய் உட்கார்ந்து ஆச்சரியப்படுத்தணும்."

அந்தப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பாதி தோலுரிந்த அவர் முகத்தைப் பார்த்தாள். யாராவது உதவிக்கு வருவார்களா என்று திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

"போடும்மா. ஏன் யோசிக்கிற? இப்ப எனக்குத் தீவு நல்லா ஒத்துக்கும்."

"இல்ல சார்..." என்று இழுத்தாள் அவள். "அம்மா வந்தப்ப தீவுன்னே கேட்கல. 'எங்க வீட்டுக்காரருக்குச் சுத்தமா ஒத்துக்காத இடமாப் பார்த்து ஒண்ணு சொல்லும்மா'ன்னுதான் கேட்டாங்க."